அவர் பாதியில் விட்ட மோட்டார்கள்

என் கணவர் இறந்து வருகிற பங்குனியோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குள் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர்வெல் சப்மர்சிபிள், மாவு மில் மோட்டார் என்று எது எரிந்தாலும் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வயது 49. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இரவே எல்லாம் முடிந்துவிட்டது. ஆறுதல் சொல்ல ஊரே வந்தது. எந்தக் காகிதத்தை முதலில் வாங்க வேண்டும், எந்தக் கேள்விக்கு இப்போதைக்கு வாய் திறக்காமல் இருக்கலாம் என்று சொல்ல மட்டும் ஒருவரும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பதினாறு நாட்களில் நான் அழுததைவிட, எனக்காக மற்றவர்கள் முடிவெடுத்ததுதான் அதிகம் நினைவில் இருக்கிறது. கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்றார் கொழுந்தனார். கம்பி சுற்றும் மெஷின், மின்கசிவு பார்க்கும் மெக்கர், அச்சுகள், மிச்சமிருக்கும் கம்பி எல்லாவற்றையும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஓர் ஆளையும் பிடித்து வைத்திருந்தார். என் அண்ணன், பிள்ளைகளோடு பல்லடத்துக்கே வந்துவிடு என்றார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கலாம் என்று ஒரு பெரியம்மா காதோடு சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கருமாதிக்குப் போட்ட பந்தலைப் பிரிப்பதற்குள் என் மிச்ச வாழ்க்கையை ஏலம் விட்டு முடித்துவிடுவார்கள் போலிருந்தது.

அப்போது என்னைக் காப்பாற்றியது என் அத்தை சொன்ன ஒரே வார்த்தை. மகனைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் சுருண்டு கிடந்தவர், மெஷின் பேச்சு வந்ததும் தலையை நிமிர்த்தி, "வருஷம் திரும்பட்டும்" என்றார். அவர் சாங்கியமாகச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். வீட்டை விற்கலாமா, ஊரைவிட்டுப் போகலாமா, யாருக்காவது கடன் கொடுக்கலாமா, எதைக் கேட்டாலும் வருஷம் திரும்பட்டும் என்பதே என் பதில். முறைப்படி சொல்லும் வார்த்தை என்பதால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நிலை வந்தால், விற்பது, இடம் மாறுவது, கையெழுத்துப் போடுவது ஆகிய மூன்றையும் இந்த வார்த்தையைச் சொல்லித் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட முடியாதவை சில காகிதங்கள் மட்டுமே.

முதலாவது இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் பெயர், நம் வீட்டு ஆள் யாரோ பதற்றத்தில் வாயால் சொன்ன பெயர். என் கணவருக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பாஸ்புத்தகத்தில் இனிஷியல் மட்டும், சான்றிதழில் பெயருக்கு நடுவே ஓர் எழுத்துக் கூடுதல். மூன்று பேர் இறந்துபோனதுபோல் மூன்று பெயர்கள். அந்த ஓர் எழுத்தைத் திருத்தி வாங்க இரண்டு மாதம் போனது. உடலை எடுக்கும் நேரத்தில் யாருக்கும் இது தோன்றாது என்பது தெரியும். ஆகவே துக்கத்துக்குப் போகும் உறவினர்களுக்குத்தான் சொல்கிறேன்: சோறு கொண்டு போவது பெரிய உதவி, அதோடு இறந்தவரின் ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரிப் படிவத்தில் அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த இரண்டு மாதத்தில் நான் இழந்தது பணம். முந்தைய ஐப்பசியில் செம்புக் கம்பி வாங்குவதற்காக என் நகைகளை அவர் பெயரில் அடகு வைத்து 1,80,000 ரூபாய் வாங்கியிருந்தோம். சான்றிதழ் சரியாகி, வாரிசுச் சான்றிதழும் வந்த பிறகுதான் நகையைப் பற்றிப் பேசவே முடியும் என்று அந்த நிறுவனத்தின் கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். நகையை மீட்பதற்குத்தான் வாரிசு ஆவணம் வேண்டும், வட்டியை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு வரலாம் என்பதை அங்கே எவரும் சொல்லவில்லை. ஏல நோட்டீஸ் வந்தபோது ஓடிப்போய் நின்றேன். அபராத வட்டி, நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி மீட்டேன். அடகுச் சீட்டு எது கிடைத்தாலும், யார் பெயரில் இருந்தாலும், முதல் மாதமே போய் வட்டியைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை நடந்து தாசில்தார் கொடுப்பார். அதில் என் பெயர், பிள்ளைகள் பெயரோடு அத்தையின் பெயரும் வந்தது. எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாயும் உண்டு, எல்லாருக்கும் சம பங்கு. அப்பா அந்த வரிசையில் இல்லை. இது தெரியாமல் பல வீடுகளில் மாமியாரும் மருமகளும் வக்கீல் வீட்டுத் திண்ணையில் சந்தித்துக்கொள்கிறார்கள். நான் வேறு யார் வழியாகவும் பேசாமல் நேராக அத்தையிடமே போய், "உங்களுக்கும் பங்கு இருக்கிறது அத்தை, இந்த இடத்தில் உங்கள் கைநாட்டு வேண்டும்" என்று சொன்னேன். கொழுந்தனார் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வங்கிக் கணக்கு அவர் ஒருவர் பெயரில் இருந்தது, கடை வரவெல்லாம் அதில்தான். நான் நாமினி. நாமினி என்றால் பணம் எனக்கே சொந்தம் என்று நினைத்திருந்தேன். வங்கி நாமினியின் கையில் பணத்தைக் கொடுக்கும், அது சேர வேண்டிய வாரிசுகளுக்காக நாமினி வாங்கி வைத்துக்கொள்வதுதான் முறை. இதைவிட வேடிக்கை, கடைச் சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டை. பாக்கி வைத்திருந்த நல்ல மனிதர்கள் சிலர் துக்கம் கேட்டுவிட்டுப் போகிற வழியில் கடை வாசலில் நின்று அந்த அட்டையிலேயே பணம் அனுப்பியிருக்கிறார்கள். அத்தனையும் எடுக்க முடியாத கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் அரிசிக்கு நான் அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடை வைத்திருப்பவர் வீட்டில் துக்கம் நடந்தால் அந்த அட்டையை முதலில் கழற்றுங்கள். அவருடைய சிம் கார்டையும் செத்துவிட விடாதீர்கள். வங்கி, காப்பீடு என்று எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். இறப்புச் சான்றிதழைக் காட்டி நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு.

பாஸ்புத்தகத்தை ஒரு நாள் மகன் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். மே மாதக் கடைசியில் 436 ரூபாய், தனியாக ஒரு 20 ரூபாய் பிடித்தம். என்ன இது என்று வங்கியில் கேட்டபோது, 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டுப் பிரீமியம் என்றார்கள். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும் திட்டம் அது. 20 ரூபாய், விபத்துக்கான இன்னொரு திட்டம். அது எங்களுக்குப் பொருந்தவில்லை. கணக்குத் தொடங்கியபோது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டதை அவரே மறந்திருப்பார். கேட்காதவர்களுக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுப்பதில்லை. அந்தப் பணத்தில்தான் மகனின் பாலிடெக்னிக் கட்டணமும் நகைக் கடனின் பெரும்பகுதியும் தீர்ந்தன. பாஸ்புத்தகத்தில் பெரிய தொகைகளை எல்லாரும் பார்ப்பார்கள், சின்னப் பிடித்தங்களைப் பாருங்கள்.

கடன் கேட்டு வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குத் தர வேண்டியவர்கள் காணாமல் போனார்கள், அவர் தர வேண்டும் என்று சொன்னவர்கள் வரிசையில் வந்தார்கள். 'கைமாற்றாக 50,000 கொடுத்தேன், நம்பிக்கையில் எழுதி வாங்கவில்லை' என்று அழுத ஒருவரை எனக்கு அதற்கு முன் தெரியவே தெரியாது. ஒருவரிடம் மட்டும் புரோ நோட்டு இருந்தது, கையெழுத்தும் என் கணவருடையதுதான். அதைத் தவணையில் அடைத்தேன். மற்றவர்களிடம், எழுத்தில் ஏதாவது இருந்தால் காட்டுங்கள், வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகு பேசலாம் என்றேன். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் அவர் கடனுக்குப் பொறுப்பு. நாளைக்கு மகன் சம்பாதிக்கப் போகும் சம்பளத்தைக் காட்டி எவரும் மிரட்ட முடியாது. புரோ நோட்டுக்கும் மூன்று ஆண்டு என்று காலவரம்பு இருக்கிறது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் எழுந்து உள்ளே போய்விடுங்கள்.

இனி மோட்டார்கள். பங்குனி, சித்திரை என்றால் எங்கள் தொழிலுக்கு அறுவடைக் காலம். நிலத்தடி நீர் இறங்கி, தண்ணீர் இல்லாமலே ஓடி, வோல்டேஜ் குறைந்து, மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய் மிச்சத்தில் ஓடி, மோட்டார்கள் வரிசையாக எரியும். அவர் இறந்த அன்று கடையில் ஊரார் மோட்டார்கள் நிறைய கிடந்தன. சிலவற்றில் எரிந்த கம்பியை உருவியிருந்தார், சிலவற்றில் கம்பி உட்காரும் பள்ளங்களான ஸ்லாட்டுகளில் பாதியைக் கட்டியிருந்தார். காரியம் முடிந்த மறுவாரமே ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். "அம்மணி, இந்த நேரத்தில் கேட்கக் கூடாது. தென்னையில் குரும்பை எல்லாம் உதிர்கிறது" என்றார். எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. என் வீட்டில் ஆளே போய்விட்டது, உங்களுக்குக் குரும்பை பெரிதாகிவிட்டதா என்று கேட்டே விட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் கணவர் இருந்திருந்தால் இந்நேரம் கடையில் விளக்குப் போட்டு அந்த மோட்டாரைத்தான் முடித்துக்கொண்டிருப்பார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் ஷட்டரைத் திறந்தேன். தொழிலை நடத்த வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அன்றைக்கு இல்லை, அவரவர் பொருளை அவரவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான். உள்ளே வார்னிஷ் வாடை. அவர் சட்டையில், பாயில், தலையணையில் இருபது வருடமாக நான் முகம் சுளித்த வாடை. ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், வீட்டில் கூட்டத்துக்கு நடுவே வராத அழுகை அங்கேதான் வந்தது. கடையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். மூத்தவர் ஏற்கெனவே எதிர்த் தெருவில் சொந்தக் கடைக்கு இடம் பார்த்துவிட்டார், வாடிக்கையாளர்கள் எண்களையும் எடுத்துக்கொண்டார். இளையவனுக்குக் கட்டத் தெரியும், கணக்குத் தெரியாது. எந்த மோட்டாருக்கு ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, என்ன கேஜ், அதாவது எவ்வளவு பருமனான கம்பி என்பதெல்லாம் என் கணவர் தலையில் இருந்தன என்றுதான் நினைத்திருந்தோம். மேசை டிராயரில் ஓரம் கிழிந்த நீள நோட்டுகள் கிடைத்தன. கம்பெனி, ஹெச்.பி., ஸ்லாட், சுற்று, கேஜ், பிட்ச் என்று கடை தொடங்கிய காலத்திலிருந்து ஒவ்வொரு மோட்டாரையும் எழுதி வைத்திருந்தார். அவர் எனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

எனக்கு வேலை அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. கோடையில் வேலை குவியும்போது இன்சுலேஷன் பேப்பர் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சப்மர்சிபிளில் கம்பி கோப்பது வேறு. தண்ணீருக்குள்ளேயே ஓடும் மோட்டார் என்பதால் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு சுற்றாகக் கையால் கோக்க வேண்டும். உறையில் ஒரு கீறல் விழுந்தால் மெக்கர் காட்டிக்கொடுத்துவிடும், மொத்தத்தையும் உருவ வேண்டியதுதான். அந்தப் பையன் எனக்குக் கோக்கச் சொல்லிக்கொடுத்தான், நான் அவனுக்கு நோட்டைப் படித்துக் காட்டினேன். முதல் கோடையில் லாபம் என்று ஒன்றும் இல்லை. நான் கட்டிய இரண்டு மோட்டார்கள் திரும்பி வந்தன, சொந்தச் செலவில் கட்டிக் கொடுத்தேன். எரிந்த செம்பை எடுக்கும் பழைய வியாபாரி, பல வருடப் பழக்கக்காரர், எனக்கு விலை தெரியாது என்று கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் குறைத்தே எடுத்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சியில் இரண்டு பேரிடம் போனில் விலை கேட்ட அன்றுதான் தெரிந்தது. இப்போது செம்பைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். கடை இடத்தின் சொந்தக்காரர் ஒப்பந்தம் என் கணவர் பெயரில்தானே இருந்தது என்று சொல்லி, முன்பணத்தை 50,000லிருந்து 75,000 ஆக்கித்தான் என் பெயருக்கு எழுதினார். பேரம் பேச எனக்கு அப்போது தெம்பில்லை.

தெம்பு போனது முதல் மாதத்தில் இல்லை. சொந்தங்கள் போன் செய்வதை நிறுத்தி, பிள்ளைகள் பள்ளி கல்லூரி என்று திரும்பிய பிறகு, ஆவணி புரட்டாசியில்தான். காலையில் எழுந்தால் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிடுவேன். பகலில் வேலை பார்ப்பேன், இரவு எட்டு மணிக்குமேல் நெஞ்சில் ஏறி யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். உயிரோடு இருப்பதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பும் வந்தது. அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் 14416 என்ற எண்ணைக் கொடுத்தார். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுகிறார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் பேசினேன். அவர்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. தூக்கம், சாப்பாடு, யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள், மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட்டேன். சர்க்கரைக்குச் சாப்பிடுவதைச் சொல்கிறோம், இதைச் சொல்ல மட்டும் ஏன் கூசுகிறோம் என்று தெரியவில்லை.

நாத்தனார் மகள் சீரின்போது, மாலை போடும் நேரத்தில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று ஒரு பெண்மணி என் முழங்கையைப் பிடித்து நகர்த்தினார். அந்தச் சீருக்கு நான் போட்ட மோதிரம் அரைப் பவுன், அது தள்ளி நிற்கவில்லை. அதற்குப் பிறகு, என்னை முன்னால் நிற்க விடும் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் போகிறேன். மற்றவர்களுக்கு மொய் மட்டும் மகன் கையில். இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் தெருவில் மனைவியை இழந்த ஒருவருக்கு, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வருடம் திரும்புவதற்குள் பெண் பார்த்தார்கள். என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

வருஷம் திரும்பியது. கொழுந்தனார் பழைய ஆளை மறுபடியும் கூட்டி வந்தார், இந்த முறை 90,000 தருவதாக. அன்றைக்கு நான் ஓர் ஐந்து ஹெச்.பி. மோட்டாரில் கையை விட்டிருந்தேன், வெளியே காத்திருக்கச் சொன்னேன். காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போன பெரியவரின் மோட்டாரை முன்பே முடித்துக் கொடுத்தாயிற்று. அவர்தான் அடுத்தடுத்து ஆட்களை அனுப்பினார். இப்போது கடையில் அந்தப் பையனோடு இரண்டு பெண்களும் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கணவரை இழந்தவள், பக்கத்து ஊர், சான்றிதழில் பெயர் தப்பாக இருக்கிறது என்று என்னிடம் கேட்க வந்தவள். கை நிதானமாக இருந்தது, பேப்பர் வெட்டக் கொடுத்தேன், அப்படியே நின்றுவிட்டாள். மாதத்தில் ஒரு நாளாவது யாராவது ஒரு பெண் இப்படிக் காகிதக் கட்டோடு வந்து ஸ்டூலில் உட்காருகிறாள். படிவத்தை நிரப்பிக் கொடுப்பேன். அந்த நோட்டுகளையும் என் கணவர் விட்ட இடத்திலிருந்தே எழுதிக்கொண்டு வருகிறேன், அவர் எழுத்துக்கு அடியில் என் கோணல் எழுத்து.

இந்தக் கோடையும் தொடங்கிவிட்டது. நேற்று ஏழரை ஹெச்.பி. இரண்டு வந்தன, இரண்டும் ஒரே தோட்டம், இரண்டும் ஒரு பேஸ் போன பிறகும் ஓடி எரிந்தவை. ஸ்டார்ட்டரில் ஒரு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மாட்டுங்கள், ஒரு பேஸ் போனாலே மோட்டாரை நிறுத்திவிடும், காயில் கட்டும் கூலியில் கால்வாசிகூட ஆகாது என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். அடுத்த வெள்ளாமைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அம்மணி என்கிறார். போன வருடமும் இதையேதான் சொன்னார்.